குறுக்கே பேசாத செபமாலை

ரோசம்மாள் செபமாலை சொல்லி, அதை ஒருநாளாவது தடங்கல் இல்லாமல் கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால், தேர்வாய் கண்டிகை அன்பியத்தில் ஒரு கையும் எழும்பாது. வாரம் ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடிச் செபம் சொல்லும் கூட்டம் அது. அவள்தான் தலைவி. மாலையில் உருட்டும் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதியை அவள் சொல்ல வேண்டும், மறுபாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். மூன்றாவது மணி உருள்வதற்குள் அவளுக்குப் பொறுக்காது. "ஏ மோனிகா, பால் பொங்குது பாரு!" "எவன்டா அது, செருப்ப வாசப்படியிலயே உட்டுட்டு வந்தவன்?" சொல்லிவிட்டு, விட்ட வார்த்தையிலிருந்து ஒன்றுமே நடக்காதது போலச் செபத்தைத் தொடர்வாள். பங்குச் சாமியார் ஒருதரம் கண்டித்துப் பார்த்தார். "மாதாவும் ஊட்டு வேல செஞ்சவங்கதான சாமி, அவங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவள் புருஷன் ஜெரால்ட், கல்யாணமான நாளிலிருந்து அந்த மறுபாதியைச் சொல்லி வருகிறவன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர். தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்கிற குழாய், மோட்டார், வால்வு எல்லாம் அவன் பொறுப்பு. ரோசம்மாள் பக்கத்துக் கம்பெனி கேன்டீனில் சமையல்.

போன தவக்காலத்தில் அவளுடைய இடது கண் இமை இறங்கியது. இட்லிப் பானை ஆவி பட்டதுதான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு, வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய் என்று வைத்தியமும் பார்த்தாள். அப்புறம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது.

"ஒரு பஸ்ஸு வந்தா ரெண்டா தெரியுதுய்யா. எதுல ஏறுறதுன்னே தெரில" என்று சிரித்தாள்.

ஜெரால்டுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே லீவு சொல்லிவிட்டு, ஊத்துக்கோட்டை வழியாகத் திருவள்ளூர் பஸ்ஸில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார் டாக்டர் கல்பனா. கழுத்தின் இடது பக்கமாக மூளைக்கு ஏறும் பெரிய ரத்தக்குழாயில், கண்ணுக்குப் பின்னால், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம். சைக்கிள் டியூபில் பலவீனமான இடம் உப்பிக்கொண்டு நிற்குமே, அப்படி. அது வெடித்தால் ஆளே இல்லை.

"அதனால அந்தக் குழாயையே மூடிடலாம்னு பாக்குறோம்" என்றார் டாக்டர்.

ஜெரால்ட் நாற்காலியின் நுனிக்கு வந்தான். "மூடிட்டா மூளைக்கு ரத்தம் எப்படி மேடம் போவும்?"

டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்து வரைந்தார். கழுத்தில் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, ஆக நாலு குழாய் மேலே ஏறுகிறது. நாலும் மூளைக்கு அடியில் போய் ஒரு வளையமாகச் சேர்ந்துகொள்கிறது. ஒன்று அடைத்தாலும் மற்ற மூன்றும் வளையத்தைச் சுற்றி வந்து ஊட்டும். "உடம்பு பூரா இப்படித்தான். ஒரே வழியில எதையும் தொங்கவிடாது. ஒரு இலையை எடுத்துப் பாருங்க, நரம்பெல்லாம் வலை மாதிரி பின்னியிருக்கும். நடுவுல பூச்சி ஓட்டை போட்டாலும் ஓரத்துல பச்சை போகாது. தண்ணி சுத்திப் போயிடும்."

வேறு யாருக்காவது இது ஆறுதலாக இருந்திருக்கும். ஜெரால்டுக்கு அது பயத்தைத்தான் கூட்டியது. ஏனென்றால் வளையம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும்.

அவன் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலும் தீயணைப்புக் குழாய் கட்டடத்தைச் சுற்றி வளையமாகத்தான் ஓடியது. ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் வரும் என்று வரைபடத்தில் போட்டிருந்தது. வருகிற ஆபீசருக்கெல்லாம் அதைக் காட்டுவார்கள். ஒருநாள் அட்டைப்பெட்டி குடோனில் தீ பிடித்தது. லாரி ஏறியதில் அன்றைக்கென்று ஒரு பக்கக் குழாய் உடைந்து கிடந்தது. "ரிங் கீதுடா, அந்தப் பக்கம் வரும்" என்று கத்திக்கொண்டே, கூட வேலை பார்த்த சின்னராசு ஹோஸைப் பிடித்தான். வந்தது, குழந்தை மூத்திரம் போன மாதிரி. மண்ணுக்கடியில் ஒரு வால்வு எந்தக் காலத்திலோ முக்கால்வாசி மூடித் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதற்குத் தேவையே வந்ததில்லை. சின்னராசுவின் இரண்டு கையும் வெந்துபோனது.

"மேடம், அந்த வளையம் இவளுக்கு முழுசா கீதா?" என்று கேட்டான்.

டாக்டர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்தார். "நல்ல கேள்வி. நிறைய பேருக்கு முழுசா இருக்காது. உங்க சம்சாரத்துக்கு ஒரு இடத்துல நூல் மாதிரி மெலிசா தெரியுது. அது தாங்குமா தாங்காதான்னு படத்துல தெரியாது. மூடிப் பாத்தாதான் தெரியும்."

ஆளை மயக்காமல், முழிப்பாகவே வைத்துக்கொண்டு, தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கழுத்துக்குழாய்க்குள் ஒரு சின்ன பலூனை ஊதி அடைப்பார்களாம். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். கை ஆடுகிறதா, பேச்சு சரியாக வருகிறதா என்று பார்ப்பார்கள். தாங்கினால் குழாயை நிரந்தரமாக மூடிவிடலாம், தலையில் கை வைக்க வேண்டாம். தாங்காவிட்டால் மண்டையைத் திறந்து, காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து வைத்துத் தைத்து, ரத்தத்துக்குப் புது வழி போட்ட பிறகுதான் கழுத்துக்குழாயை மூட முடியும்.

மண்டையைத் திறப்பது என்ற பேச்சைக் கேட்டதும் ரோசம்மாளின் முகம் செத்துப்போனது. அதற்குக் காரணம் அவள் அண்ணன் ஆசீர்வாதம். அத்திப்பட்டு பவர் ஹவுஸில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தபோது சாரத்திலிருந்து விழுந்த அவனுக்குத் தலையைத் திறந்தார்கள். உயிர் பிழைத்தான். ஆனால் தங்கச்சியைப் பார்த்து "நீங்க யாரு?" என்றான். சாகும்வரை அவள்தான் அவனுக்குச் சோறு ஊட்டினாள், ஒருநாள்கூட அவன் அவள் பெயரைச் சொல்லவில்லை.

வெளியே வராந்தாவில் வந்து ஜெரால்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யோவ், செத்தா சாவுறேன். ஆனா தலையத் தெறக்க மட்டும் உடாத. அண்ணன் மாதிரி உன்னப் பாத்து யாருன்னு நான் கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சும்மா கெட" என்றான்.

"பண்ணுய்யா!"

பண்ணிவிட்டான். பயத்தில் மனுஷன் எதைத்தான் பண்ண மாட்டான்?

பரிசோதனைக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் காம்பவுண்டிலிருந்த பூவரச மரத்தில் ஒரு இலையைப் பறித்து, நடு நரம்பில் குண்டூசியால் குத்தி, டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தான். காலையில் இலை பச்சையாகவே இருந்தது. கொஞ்சம் தெம்பு வந்தது. உடனே, இலைக்கு என்ன, அது பேசவா போகிறது என்று தோன்றி, வந்த தெம்பும் போய்விட்டது.

டாக்டர் அவனைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து, முன்னால் ஒரு மைக்கை நகர்த்தினார். "நான் கை, கால், முகம் பாத்துப்பேன். பேரு கேப்பேன், பொருளைக் காட்டுவேன். ஆனா அவங்க பேச்சுல சின்னதா ஒரு மாத்தம் வந்தா எனக்கு லேட்டாதான் தெரியும். உங்களுக்குத் தெரியும். வீட்டு விஷயமா கேட்டுக்கிட்டே இருங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. செபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணுறது, இதெல்லாம் வேணாம். பழகின பேச்சு மூளையில பல வழியில ஓடும், பாதி மூளை பட்டினி கிடந்தாலும் அது பாட்டுக்கு வரும். யோசிச்சுப் பேசுறதுக்குத்தான் வழி கம்மி. அதுதான் மொதல்ல போகும்."

"சரி மேடம், சரி மேடம்" என்றான். பயந்தவன் காதில் எது நின்றது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைத் துணிக்குள் ரோசம்மாள் படுத்திருந்தாள். வலது கையில் அழுத்தினால் கீச்சென்று கத்தும் ரப்பர் வாத்து. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதை அழுத்த வேண்டும், அழுத்த முடியாமல் போனால் ஆபத்து என்று அர்த்தம். "இந்த வயசுல எனக்கு வாத்து" என்றாள் மைக்கில். நர்ஸ் சிரித்தாள்.

"பலூன் ஊதறோம்" என்றார் டாக்டர்.

ஜெரால்ட் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். கண்ணுக்கு முன்னால் பெண்டாட்டியின் கழுத்துக்குழாயை மூடுகிறார்கள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு நாஷ்டா என்ன சாப்பிட்டே என்று கேட்க வேண்டும்.

கேட்டான். "நாஷ்டா எங்கய்யா குடுத்தாங்க, நேத்திலருந்து பட்டினி" என்றாள். கீச். மகள் மோனிகா ஹாஸ்டலில் என்ன சாப்பிடுவாள் என்று கேட்டான். "அவளா, நூடுல்ஸத் தின்னுக்கினு கெடப்பா." கீச். டாக்டர் பேனாவைக் காட்டினார், கடிகாரத்தைக் காட்டினார், எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னாள். கால் மணி நேரம் நன்றாகவே போனது.

"நல்லா தாங்குறாங்க" என்றார் டாக்டர். "இப்போ மருந்து போட்டு பிரஷரைக் கொஞ்சம் இறக்கப் போறோம். இனிமேதான் நிஜமான பரீட்சை. பேச்சை நிறுத்தாதீங்க." சொல்லிவிட்டு, பிரஷர் காட்டும் திரைமேல் கண்ணை வைத்து, மயக்க மருந்து டாக்டரோடு அளவு பேசத் திரும்பிக்கொண்டார்.

ஜெரால்டுக்கு இத்தனை வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டியிடம் கேட்பதற்கு ஒரு கேள்வி கிடைக்கவில்லை. திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. பம்ப் ஹவுஸில் பிரஷர் முள் இறங்கும்போது எழுகிற அதே பயம், இன்றைக்குப் பத்து மடங்காக எழுந்தது.

"யோவ்" என்றாள் அவள். குரல் சின்னதாக இருந்தது. "பயமாக்கீதுய்யா. செபம் சொல்லலாமா?"

டாக்டர் சொன்னது அவனுக்கு நினைவு வந்ததா என்றால், வந்தது. வந்தும் தள்ளிவிட்டான். பயம் வந்தால் அவர்கள் வீட்டில் செய்கிற ஒரே காரியம் அதுதான். புயலுக்கும் சொன்னார்கள், மகன் சாம்சன் டைபாய்டில் கிடந்தபோதும் சொன்னார்கள். பாக்கெட்டிலிருந்த செபமாலையை எடுத்துக்கொண்டான். "சொல்லு ரோசு."

அவள் மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொன்னாள். அவன் மறுபாதியைச் சொன்னான். கீச். அடுத்த மணி. என்ன சுத்தமான உச்சரிப்பு! ஒரு திணறல் இல்லை, ஒரு குழறல் இல்லை. அந்தப் பழகின லயத்தில் அவனுடைய பயம் மெல்ல அடங்கியது. நூல் மாதிரி இருந்தாலும் தாங்குகிறது பார், மாதாவே உனக்குக் கோடி நன்றி என்று நினைத்துக்கொண்டான். நர்ஸ் கண்ணாடி வழியாகக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். கீச்.

ஆறாவது மணியில் அவன் விரல் நின்றது.

ஏதோ சரியில்லை. என்னவென்று தெரியவில்லை. அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், வாத்தும் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஏழாவது மணி. நர்ஸ் கையிலிருந்த தட்டு பெரிய சத்தத்தோடு கீழே விழுந்தது, சாமான்கள் உருண்டு ஓடின. ரோசம்மாள் நிறுத்தவில்லை. எட்டாவது மணி.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவள் குறுக்கே பேசவில்லை. அத்தனை சாமான் விழுந்து உருண்டும், "இன்னாம்மா, கையில எலும்பு இல்லியா?" என்று கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு பத்து மணியைத் தடங்கல் இல்லாமல் முடிக்காத பொம்பளை, இன்றைக்கு ரெக்கார்டு போட்ட மாதிரி சொல்லிக்கொண்டு போகிறாள்.

வாயைத் திறக்கப்போனவனைச் சத்தியம் பிடித்து நிறுத்தியது. இப்போது அவன் சும்மா இருந்தால் போதும். பரிசோதனை பாஸ். தலையைத் திறக்க வேண்டாம். கொடுத்த வாக்கு காப்பாற்றப்படும். ஒருவேளை அவன்தான் தப்பாக நினைக்கிறானோ? பயத்தில் அடக்க ஒடுக்கமாகச் சொல்கிறாளோ? ஒன்பதாவது மணி ஓடியது. சின்னராசு ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ரோசு!" என்று மைக்கில் கத்தினான். "நிறுத்து. சாம்சன் ஞானஸ்நானத்தன்னிக்கு இன்னா ஆச்சி? சொல்லு!"

அது அவள் யாரும் கேட்காமலே ஊருக்கெல்லாம் சொல்கிற கதை. ஜெரால்ட் சட்டையை உள்ளே வெளியே மாற்றிப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்ட கதை.

செபம் நின்றது. "அது..." என்றாள். "அந்த... அதுல... இது வந்து..." உதடு அசைந்தது. கண் கண்ணாடியைத் தேடியது. "இது... இது..." கீச், என்றது வாத்து.

"மேடம், எடுங்க! பலூன எடுத்துடுங்க மேடம், அவ இல்ல அது!"

டாக்டர் கல்பனா ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நொடி பலூன் சுருங்கியது.

அந்தக் கொஞ்ச நேரத்தை ஜெரால்ட் எப்படிக் கடந்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. மைக்கில் வாயை வைத்துக்கொண்டு, "ரோசு, ரோசு" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"சட்டையத் திருப்பிப் போட்டுக்கினு வந்தியே, அதான?" என்றாள் மெதுவாக. "இத்த எதுக்குய்யா இப்போ கேக்குற, டாக்டருங்க முன்னால?"

டாக்டர் வெளியே வந்ததும் முதலில் திட்டினார். "செபம் வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?" ஜெரால்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு அவர் குரல் தணிந்தது. "ஆனா நல்ல நேரத்துல கத்தினீங்க. அந்த நூல் தாங்கல. மூடியிருந்தா ரெண்டு நாள்ல பேச்சு போயிருக்கும். இனிமே தலையைத் திறந்துதான் ஆகணும்."

அதை அவளிடம் அவன்தான் சொன்னான். ரோசம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சம்மதக் காகிதத்தில் அவனே கையெழுத்துப் போட்டான். அறுவை சிகிச்சைக்கு வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

காலையில் உள்ளே போனவளைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். புது வழியில் ரத்தம் ஓடுகிறது என்றார் டாக்டர். மூளை எப்படி எழுந்திருக்கும் என்பதை மட்டும் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். பொறுத்துப் பார்ப்பதற்குள் ஜெரால்ட் பாதி ஆளாகிவிட்டான். நடந்து நடந்து வராந்தாவே தேய்ந்திருக்கும். ஆசீர்வாதத்தின் முகம் வந்து வந்து நின்றது. நீங்க யாரு, நீங்க யாரு.

மறுநாள் பதினொரு மணி வாக்கில் உள்ளே கூப்பிட்டார்கள். தலையில் பெரிய கட்டு, முகமெல்லாம் வீக்கம். கண் பாதிதான் திறந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"பேசுறாங்க சார்!" என்றாள் நர்ஸ் சந்தோஷமாக. "செபம் சொல்றாங்க, பாருங்க, எவ்ளோ தெளிவா!"

ஜெரால்ட் குனிந்து காதைக் கொடுத்தான். செபம்தான். அதே சுத்தம், அதே லயம். ஸ்டூலில் உட்கார்ந்தான். வேறு வழி தெரியாமல் மறுபாதியைச் சொன்னான். அவள் அடுத்ததை எடுத்தாள். எதிலும் பிசகில்லை. இரண்டாவது மணி. மூன்றாவது மணி. கேள்வி கேட்டுப் பார்க்கலாம்தான். கேட்டு, "இது... இது..." என்று அவள் சொல்லிவிட்டால்? நாலாவது மணி. பக்கத்துப் படுக்கையில் மெஷின் கத்தியது, நர்ஸ் செருப்புச் சத்தத்தோடு ஓடினாள். ரோசம்மாள் நிறுத்தவில்லை. மாதாவே, ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை, என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே மறுபாதியைச் சொன்னான். ஐந்தாவது மணி. ஆறாவது மணி.

ஏழாவதில் பாதி சொல்லும்போது அவள் நின்றாள். பாதிக் கண் அவன் பக்கமாகத் திரும்பியது.

"யோவ்" என்றாள். குரல் காற்றாக வந்தது. "தலையத் தெறக்க உடமாட்டேன்னு சத்தியம் பண்ணியே, பேமானி. மொட்ட வேற அடிச்சி வெச்சிக்கிறானுங்க."

ஜெரால்ட் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். நர்ஸ் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"எதுக்கு இப்போ அழுவுற? திட்டத்தான செஞ்சேன்" என்றாள் ரோசம்மாள். "எத்தினாவது மணியில உட்டேன்?"

அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

"தெரில ரோசு" என்றான். "மொதல்லருந்து சொல்லு."